ஒன்றரை மீட்டர்

அந்தத் திங்கட்கிழமை காலையில் கல்லூரியின் ஓட்டப் பயிற்சியாளரான கோச்சம்மாவுக்கு இருந்த வேலை ஒன்றும் பெரிதில்லை. தொடர் ஓட்டப் பெண்கள் குச்சி மாற்றும் இடத்துக்குப் புதுக்கோடு போட வேண்டும், அவ்வளவுதான். அளவு நாடாவின் ஒரு முனையை மைதானக்காரரிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு வளைவு வரை நடந்தாள். கோடு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. நாடா எங்கோ முறுக்கிக்கொண்டிருக்கும் என்று உதறிவிட்டு மறுபடி அளந்தாள். மறுபடியும் அதே கதை.

மண் ஓடுபாதைக்கு இரண்டு நடு முளைகள் உண்டு, அந்தக் கோடியில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்று. அவற்றில் கம்பியைக் கட்டி இழுத்துத்தான் இரண்டு பக்க வளைவுகளையும் வரைவார்கள். முளைக்கும் முளைக்கும் நடுவே எண்பத்து நான்கு மீட்டர் முப்பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு அவளுக்குத் தன் பிறந்த தேதியைவிட நன்றாகத் தெரியும். அன்று நாடா காட்டியது எண்பத்திரண்டு மீட்டர் எண்பத்தொன்பது. மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் ஒரு சென்டிமீட்டர்கூட மாறவில்லை.

"அண்ணே, வடக்கு முளையை யாராவது தொட்டாங்களா?"

மைதானக்காரர் தலையைச் சொறிந்தார். "மழைக்கு அப்புறம் புல்லு வெட்டுற வண்டி ஏறி முளை பிடுங்கிக்கிச்சு கோச்சம்மா. போட்டிக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. பழைய குழி சேறாயிருச்சா, கண்ணளவுல பார்த்து கொஞ்சம் உள்ள தள்ளி அடிச்சேன். ஏன், ரொம்ப மாறிருச்சா?"

"இல்லண்ணே. சும்மா கேட்டேன்."

அப்படிச் சொல்லும்போதே மனம் கணக்குப் போட்டது. முளை ஒன்றரை மீட்டர் உள்ளே வந்தால் இரண்டு நேர்ப்பாதையும் ஒன்றரை ஒன்றரை மீட்டர் குறையும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள் நேர்ப்பாதைகளில் எட்டுத் தடவை ஓடியாக வேண்டும். எட்டு ஒன்றரை பன்னிரண்டு. பன்னிரண்டு மீட்டர் குறைவாக ஓடியவளுக்குக் கடிகாரம் இரண்டு நொடி தர்மம் போட்டிருக்கிறது.

அந்த இரண்டு நொடியில்தான் எல்லாம் இருந்தது.

பத்து நாளுக்கு முன் இதே மைதானத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அவளுடைய மாணவி முதலாவதாக வந்தாள். உடம்பில் பாதிக்கு மேல் காலாகவே இருப்பதால் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி முழுக்கக் கொக்கு என்றுதான் பெயர். நேரம் நான்கு நிமிடம் இருபத்தெட்டு நொடி ஒன்பது. தேசியப் போட்டிக்குப் போகத் தகுதி நேரம் நான்கரை நிமிடம். பல்கலைக்கழகத்துக்கு ஓர் இடம்தான். வேறொரு மைதானத்தில் மகளிர் கல்லூரிப் பெண் ஒருத்தி நான்கு இருபத்தொன்பது ஏழில் ஓடி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கொக்கு அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். கோச்சம்மாவின் கல்லூரியிலிருந்து தேசியப் போட்டிக்கு இதுவரை ஒருவரும் போனதில்லை. வாசலில் கொக்கின் படம் போட்ட பெரிய பேனர் ஏறிவிட்டது.

அதற்கு முன் கொக்கின் சிறந்த நேரம் நான்கு முப்பத்து நான்கு. ஒரே பருவத்தில் ஐந்து நொடி குறைந்தது எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் கோச்சம்மா தன் குளிர்காலப் பயிற்சித் திட்டத்தை விலாவாரியாக விளக்கியிருந்தாள். அதை இப்போது நினைத்தால் காது சுட்டது.

இன்னொன்றும் இருந்தது. போட்டிக்கு முதல் நாள் 'ஓடுபாதை அளக்கப்பட்டது, சரியாக உள்ளது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டது அவள். பருவத் தொடக்கத்தில் அளந்ததுதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று, வட்டெறிகிற வலையைச் சரிபார்த்துக்கொண்டே ஒருவர் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்திட்டாள்.

கோச்சம்மா அந்தக் கல்லூரிக்கு வந்து பதினான்கு வருஷம். ஒரு காலத்தில் அவளே ஆயிரத்து ஐந்நூறு ஓடியவள்தான். முட்டி ஒத்துழைக்காமல் போனதும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து தற்காலிகப் பயிற்சியாளர். வருஷா வருஷம் ஒரு தாள் வரும், கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து அறையில் ஈட்டிகளுக்கும் தடை தாண்டும் சட்டகங்களுக்கும் நடுவே அவளுக்கு ஒரு மேஜை. மழை பெய்தால் மேஜையை நகர்த்த வேண்டும். கொக்கின் நேரம் வந்த மறுநாளே முதல்வர் கூப்பிட்டு, நிரந்தரப் பணியிடத்துக்கு நேர்காணல் வியாழக்கிழமை என்றும், அது வெறும் சடங்குதான் என்றும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை முழுக்க அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மாலையில் எல்லோரும் போன பிறகு முளையைப் பிடுங்கிச் சரியான இடத்தில் அடித்தாள். அடித்து முடித்ததும் தடயத்தை அழித்தவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்படிப் பார்த்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கொடுப்பார். கேட்டு முடிக்கும்வரை தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"மைதானக்காரருக்கு?"

"அவருக்கு முளை நகர்ந்தது தெரியும். அதனால என்ன ஆச்சுன்னு தெரியாது."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "வியாழக்கிழமை போகட்டும். அப்புறம் பார்த்துக்கலாமே."

"அப்புறம்னா? வேலையை வாங்கிட்டு அப்புறமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் வருது."

அடுக்களையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அவள் இவர்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் எந்தப் பேச்சும் அவள் காதைத் தாண்டிப் போனதில்லை. "ரெண்டு நொடிக்கா அண்ணி இவ்வளவு? நான் தும்முறதுக்கே அதைவிட நேரம் ஆகும்."

கோச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. ஓட்டக்காரிக்கு இரண்டு நொடி என்றால் என்ன என்று இந்த வீட்டில் யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? அது ஒரு வருஷத்துக் காலைகள். மகளிர் கல்லூரிப் பெண்ணும் அப்படி ஒரு வருஷத்தைக் கொடுத்துத்தான் அந்த நேரத்தை வாங்கியிருப்பாள்.

அன்று பயிற்சியில் கொக்கு சிறகு முளைத்தவள் போல இருந்தாள். தேசியப் போட்டிக்கு ரயிலில் எத்தனை மணி நேரம், ஸ்பைக்ஸ் புதிதாக வாங்கலாமா, பழையதே ராசியா என்று கேள்வி மேல் கேள்வி. லாரி ஓட்டும் அவள் அப்பா, போகிற வழியில் நிறுத்துகிற இடமெல்லாம் மகளின் பேனர் படத்தைக் காட்டுகிறாராம். "டீக்கடைக்காரரே சலிச்சுப் போயிட்டாராம் கோச்" என்று சொல்லிச் சிரித்தாள். கோச்சம்மா ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடாத கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. அன்றிரவு சீக்கிரமே விளக்கை அணைத்தாள். படுத்தால் தாளும் கையெழுத்தும் கண்ணுக்குள் வந்து நின்றன.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் கொக்கை மட்டும் இருக்கச் சொன்னாள். நீளம் தாண்டும் மணல் குழியின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுற்றி வளைக்காமல் முளையையும் மழையையும் பன்னிரண்டு மீட்டரையும் சொன்னாள்.

கொக்கு மணலில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"அப்ப நான் ஓடினது எவ்வளவு?"

"நாலு முப்பத்தொண்ணு. முன்ன பின்ன இருக்கும். அதுவும் நல்ல நேரம்தான். உன் பழைய நேரத்தைவிட மூணு நொடி கம்மி."

"முப்பத்தொண்ணுக்கு யாரும் பேனர் வைக்க மாட்டாங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சொல்லாதீங்க கோச். தேசியப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள நிஜமாவே இருபத்தெட்டுக்கு வந்துடறேன். அங்க போய் ஓடிக் காட்டிட்டா இது பொய்யில்லல்ல?"

"அந்த இடம் இன்னொரு பொண்ணோடது."

"அவளை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது." கொக்கு மணலைக் கையில் அள்ளினாள். "எங்கப்பா முகம் எனக்குத் தெரியும். அதை எங்க கொண்டு வைப்பேன்? அளந்தது நீங்க. கையெழுத்து நீங்க. ஓடினது மட்டும்தான் நான். என்னை எதுக்கு இதுல நிறுத்தறீங்க?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கொக்கு மணலைத் தட்டிவிட்டு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வியாழக்கிழமை நேர்காணலுக்குக் கோச்சம்மா அரை மணி முன்னதாகவே போய்விட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மைதானக்காரர் வந்து நின்றார். முளை இடம் மாறியிருப்பதைக் காலையில் பார்த்திருக்கிறார். மனுஷர் இரண்டும் இரண்டும் நான்கு என்று போட்டுவிட்டார்.

"என்னாலதானே கோச்சம்மா? நான்தான் தப்பா அடிச்சேன்னு எழுதிக் கொடுத்துடறேன். எனக்கென்ன, இன்னும் ரெண்டு வருஷம்தான் வேலை."

"நீங்க முளை அடிச்சீங்க. அளந்தேன்னு சொன்னது நான். அளக்கலையே. அதுல உங்க பேர் வராது. போங்கண்ணே, தண்ணி விடுற வேலையைப் பாருங்க."

உள்ளே முதல்வர், கல்லூரி நிர்வாகி, வெளியிலிருந்து வந்த ஒரு விளையாட்டுத் துறைப் பேராசிரியை என மூன்று பேர். கோச்சம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல்வர் அவளை வாயாரப் புகழ்ந்து அறிமுகம் செய்தார். நான்கு இருபத்தெட்டு ஒன்பது என்ற எண்ணை அவர் மனப்பாடமே செய்திருந்தார். பேராசிரியை கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஒரே பருவத்துல அஞ்சு நொடி குறைச்சிருக்கீங்க. அது எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

பயிற்சித் திட்டம் நாக்கு நுனியில் நின்றது. அதைத்தான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இன்னொரு தடவை சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம்.

"மேடம், அதுல ரெண்டு நொடி எங்களோடது இல்ல" என்றாள்.

சொல்லத் தொடங்கியதும் வார்த்தைகள் தாமாக வந்தன. அளவுகளைச் சொன்னாள், தாளைச் சொன்னாள், பார்க்காமல் கையெழுத்திட்டதைச் சொன்னாள். மைதானக்காரரைப் பற்றி மூச்சு விடவில்லை. நிர்வாகி தன் பேனாவை மூடினார்.

முதல்வர் முகம் சிவந்திருந்தது. "இதை இன்னைக்குத்தான் சொல்லணுமா? இப்படி எல்லார் முன்னாடியும்?"

"திங்கட்கிழமையே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும் சார். பயமா இருந்துச்சு. மூணு நாள் அதுலயே போயிடுச்சு."

"பேனர் வெச்சாச்சு. பத்திரிகைக்குச் சொல்லியாச்சு."

"தெரியும் சார்."

பேராசிரியை மட்டும் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "தேர்வுக் குழுவுக்கு இன்னைக்கே எழுத்துல கொடுங்க. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பல்கலைக்கழக மைதானத்துல மறுபடி ஓடி நேரம் பதிய விதி இருக்கு. ஆனா அந்தப் பெண் இப்ப தகுதி நேரத்தை மட்டும் தாண்டினா போதாது. இருபத்தொன்பது ஏழையும் தாண்டணும்." அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. சடங்கு என்று சொன்ன நேர்காணல் பத்தே நிமிடத்தில் முடிந்தது.

கடிதம் கொடுத்தாள். கொக்கின் நேரம் நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது. அன்று மாலையே பேனரைக் கழற்றினார்கள். வெள்ளிக்கிழமை கொக்கு பயிற்சிக்கு வரவில்லை. சனி, ஞாயிறும் வரவில்லை. போன் அடித்து அடித்து நின்றது. மறு ஓட்டத்துக்கு இருந்ததே ஒன்பது நாள். அதில் நாட்கள் கழிவதை வீட்டு நாட்காட்டியில் பார்க்கப் பார்க்கக் கோச்சம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறு மாலை கிளம்பி கொக்கின் வீட்டுக்கே போனாள்.

கதவைத் திறந்தவர் அவள் அப்பா. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

"என் பொண்ணு ஏமாத்திட்டான்னு பேசறாங்க" என்றார்.

"அவ ஏமாத்தலைங்க. தப்பு என்மேலன்னு எழுதித்தான் கொடுத்திருக்கேன்."

"பேசறவங்க எழுதினதைப் படிச்சிட்டா பேசறாங்க?"

"நீங்க சொல்றது சரிதான்." அவள் வாசல் படியிலேயே நின்று சொன்னாள். "சனிக்கிழமை காலையில ஓட்டம். அவளால முடியும்னு நான் வந்து சமாதானம் சொல்லல. முடியலாம், முடியாமலும் போகலாம். ஆனா ஓடலைன்னா இப்ப பேசறவங்க பேச்சுதான் கடைசியா நிக்கும். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அந்த நெடிய நிழலைப் பார்த்தால் வேறு யாருமில்லை. கோச்சம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் படி இறங்கினாள்.

திங்கட்கிழமை காலை கொக்கு வந்தாள். ஆனால் கோச்சம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குண்டு எறியும் பெண் ஒருத்தி உண்டு, பீரங்கி என்று கூப்பிடுவார்கள். அவள்தான் தூது. இரண்டு எட்டுத் தள்ளி நிற்கிற கொக்கு, "எத்தனை ரவுண்டுன்னு கேளு" என்பாள். "எத்தனை ரவுண்டுன்னு கேக்கறா" என்பாள் பீரங்கி. "நாலுன்னு சொல்லு" என்பாள் கோச்சம்மா. நான்கு நாள் இப்படியே போயிற்று. பீரங்கிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஐந்தாம் நாள், "நீங்களே பேசிக்குங்க, எனக்குக் குண்டு எறியணும்" என்று போய்விட்டாள். அன்று இருவரும் கையாலேயே சைகை காட்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பல்கலைக்கழக மைதானத்தில் காற்றில்லை. அது ஒன்றுதான் நல்ல செய்தி. பல்கலைக்கழகப் பெண்கள் மூன்று பேர் கூட ஓட வந்திருந்தார்கள். மூன்று அதிகாரிகள் கடிகாரத்தோடு நின்றார்கள். கோச்சம்மா கடைசி வளைவின் ஓரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. ஓடுகிறவளுக்குக் கால் இருக்கிறது, நிற்கிறவளுக்கு என்ன இருக்கிறது?

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்று எழுபத்தொன்று. கொஞ்சம் வேகம்தான். "இறுக்காதே, தோளை விடு" என்று கத்தினாள். கொக்கு தோளை விட்டாள். காது கேட்கிறது, பேசத்தான் மாட்டேனென்கிறாள். இரண்டாவது சுற்று முடிந்தபோது கணக்கு சரியாக இருந்தது. மூன்றாவது சுற்றில்தான் சரிந்தது. கூட வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, கொக்கு தனியாளானாள். முன்னால் துரத்த ஆளில்லாத ஓட்டம் எவ்வளவு கொடுமை என்று கோச்சம்மாவுக்குத் தெரியும். நேர்ப்பாதை நடுவில் அந்த நீளக் கால்கள் கனத்தன. கோச்சம்மா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசி இருநூறில் கொக்கு தலையைத் தாழ்த்தினாள். எங்கிருந்து வந்ததோ, கால் மறுபடி நீண்டது. கோட்டைத் தாண்டி நான்கு எட்டுப் போய் மண்டியிட்டு விழுந்தாள்.

அதிகாரிகள் மூன்று பேரும் கடிகாரங்களை ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். அவர்கள் எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கோச்சம்மா வேலியோரமே நின்று காத்திருந்தாள். ஒருவர் குரல் கொடுத்தார்.

நான்கு நிமிடம் இருபத்தொன்பது நொடி ஒன்பது.

தகுதி நேரத்தைத் தாண்டியாயிற்று. ஆனால் மகளிர் கல்லூரிப் பெண்ணின் நேரத்துக்குப் பத்தில் இரண்டு பங்கு நொடி பின்னால். இடம் அவளுடையதே.

கொக்கு புல்லில் மல்லாந்து கிடந்தாள். அவள் அப்பா கூட்டத்திலிருந்து இறங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மகளின் ஸ்பைக்ஸைக் கழற்றி எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். கோச்சம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். 

"மூணாவது ரவுண்டு எவ்வளவு?" என்று கொக்குதான் முதலில் கேட்டாள். பத்து நாளுக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"எழுபத்தி நாலுக்குக் கொஞ்சம் மேல."

"அங்க விட்டுட்டேன்."

"ஆமா. அங்கதான்."

"முன்னாடி ஒருத்தி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"விட்டிருக்க மாட்ட."

கொக்கு முழங்கையை ஊன்றி எழுந்தாள். அழுது முடித்த முகம். "எனக்கு உங்க மேல இன்னும் கோவம் போகல கோச்."

"இருக்கட்டும். கோவத்தோடயே திங்கட்கிழமை வா."

அவள் அப்பா ஸ்பைக்ஸைக் கீழே வைத்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் மகளுக்கும் பிறகு கோச்சம்மாவுக்கும் நீட்டினார். அன்று காலையிலிருந்து அவள் தொண்டையில் இறங்கிய முதல் வாய்த் தண்ணீர் அது.

நிரந்தரப் பணியிடம் அந்த வருஷம் யாருக்கும் போகவில்லை, நிர்வாகம் தள்ளிப்போட்டுவிட்டது. கவனக்குறைவுக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் அவள் கோப்பில் ஏறியது. கூடவே வழக்கமான தாளும் வந்தது, இன்னும் ஒரு வருஷத்துக்கு. அந்தத் தாள் வருமா வராதா என்று அவள் காத்திருந்த மூன்று வாரத்தில் கணவர் ஒரு தடவைகூட "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. நாத்தனார் நான்கு தடவை சொன்னாள்.

மறு வருஷம் கொக்கு நான்கு இருபத்தேழில் ஓடித் தேசியப் போட்டிக்குப் போனாள். அங்கே தகுதிச் சுற்றிலேயே ஏழாவதாக வந்து திரும்பிவிட்டாள். தனக்கு முன்னால் ஆறு பேர் ஓடியதை ரயிலில் வரும் வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருத்தி எப்படித் தோளை வைத்திருந்தாள், இன்னொருத்தி எந்த இடத்தில் வேகம் கூட்டினாள் என்று. கோச்சம்மா நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். அந்த வருஷத்துக்கான அவளுடைய வேலைத் தாள் இன்னும் வந்திருக்கவில்லை.